பந்தை ஏன் அவனுக்குக் கொடுக்கவில்லை?



கெடிலத்தில் வந்த பழைய வெள்ளங்களைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டு இன்று கூடைப்பந்து பற்றி எழுதுகிறேன். வரலாற்று வாத்தியாருக்கு அதில் என்ன வேலை என்று புதிதாக வந்து சேர்ந்தவர்கள் கேட்கலாம். 1990-களில் நம் பள்ளியில் படித்தவர்கள் கேட்க மாட்டார்கள். பதிவு நீளம்தான். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இரண்டு பேர் மட்டும் கட்டாயம் கடைசி வரை படிக்க வேண்டும்.

போன மாதம் பண்ருட்டியில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா நம் மாணவர். சாப்பாட்டுப் பந்தியில் என் எதிர் வரிசையில் நம் பழைய கூடைப்பந்து அணியின் சென்டரும் பாயின்ட் கார்டும் தற்செயலாகப் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெயர் வேண்டாம். அந்த வருடத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒருவன் முந்திரி வியாபாரம், இன்னொருவன் மின்வாரியம். ஐம்பது வயதாகிறது, எனக்கு இன்னும் அவன் இவன்தான். அவர்கள் வீட்டுப் பெண்கள் மன்னிக்கவும்.

சாம்பார் வரும் வரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ரசத்தில் ஆரம்பித்தது. "கடலூர் மேட்ச்ல நான் கையத் தூக்கிக்கிட்டே நின்னேன். நீ பாத்தும் பாக்காத மாதிரி போன" என்றான் சென்டர். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். முகம் சிரிக்கவில்லை. "உங்கிட்ட குடுத்தா கெணத்துல போட்ட கல்லு மாதிரி, திரும்பி வராதுடா" என்றான் கார்டு. பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். "ஒருவாட்டி குடுத்துப் பாத்திருக்கலாம்ல?" என்றான் இவன். கார்டு பதில் சொல்லவில்லை. தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பார்வைக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் இந்தச் சண்டை இவர்கள் இருவருடையது மட்டும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உயரமானவனுக்குப் பந்தைக் கொடுப்பதா, அவனைக் கூடைக்கு அடியில் சும்மா நிறுத்துவதா என்பது இந்த ஆட்டத்தோடு கூடவே வளர்ந்த வழக்கு. வரலாற்றில் இருந்தே வருகிறேன். எனக்கு வேறு வழி தெரியாது.

1891 டிசம்பர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. ஜேம்ஸ் நைஸ்மித் என்ற கனடாக்கார ஆசிரியர், குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே ஆட ஓர் ஆட்டம் வேண்டும் என்று 13 விதிகள் எழுதி, பீச் பழம் வைக்கும் இரண்டு கூடைகளை மாடத்தில் 10 அடி உயரத்தில் ஆணி அடித்து மாட்டினார். வகுப்பில் 18 பேர், எனவே பக்கத்துக்கு 9 பேர். முதல் ஆட்டம் 1-0 என்று முடிந்தது. அன்று ஆடியவர்களில் ஒருவரான டங்கன் பேட்டன் மூன்றே ஆண்டுகளில், 1894-ல், ஆட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய பிறகு, அங்கே படித்துவிட்டு ஊர் ஊராக வேலைக்குப் போன பி.டி. மாஸ்டர்கள் வழியாகத்தான் இது தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குள் பரவியது. நம் பழைய பி.டி. மாஸ்டரும் அங்கே படித்தவர்தான்.

'சென்டர்' என்ற பெயர் எப்படி வந்தது தெரியுமா? அவர் கூடைக்கு அடியில் நிற்பவர் ஆயிற்றே, நடுவில் எங்கே நிற்கிறார் என்று வகுப்பில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்தை மைதானத்தின் நடுவுக்குக் கொண்டுபோய் நடுவர் மேலே தூக்கிப் போடுவார். இரண்டு அணியிலும் உயரமானவர் எம்பித் தட்ட வேண்டும். எவர் உயரமோ அவர் அணிக்கே திரும்பத் திரும்பப் பந்து. நடுவில் நின்று தட்டுகிறவர்தான் சென்டர். 1937-ல் அமெரிக்காவில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். வேலை போனது, பெயர் நின்றுவிட்டது. தாசில் வரி வசூல் போன பிறகும் தாசில்தார் இருக்கிற மாதிரி.

உயரத்தைப் பார்த்து எல்லாருக்கும் ஒரு பயம் இருந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்ந்தபோது, 6 அடி 3 அங்குலத்துக்கு மேல் உயரம் உள்ளவர்கள் ஆடக் கூடாது என்று விதி போடவே பார்த்தார்கள். அமெரிக்கா எதிர்த்ததால் கைவிட்டார்கள். இறுதி ஆட்டம் திறந்த வெளி மண் தரையில் கொட்டும் மழையில் நடந்தது. அமெரிக்கா 19, கனடா 8. சேற்றில் பந்து எழும்பாமல் எல்லாரும் ஒரே உயரம் ஆகிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஜார்ஜ் மைக்கன். 6 அடி 10 அங்குலம், தடித்த மூக்குக்கண்ணாடி. இந்த உயரத்துப் பையன்கள் கைகால் ஒத்துழைக்காதவர்கள், ஆட லாயக்கில்லை என்று அன்றைக்குப் பல பயிற்சியாளர்களும் நினைத்தார்கள். டிபால் கல்லூரியில் ரே மேயர் என்ற பயிற்சியாளர்தான் அவரைத் தனியாக எடுத்துப் பழக்கினார். கூடையின் இடப்பக்கம் இடக்கையால், வலப்பக்கம் வலக்கையால், மாற்றி மாற்றிப் போட வேண்டும். அந்தப் பயிற்சிக்கு இன்றும் மைக்கன் பெயர்தான். இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். உயரமாகப் பிறந்தது மைக்கன். ஆட்டக்காரராக்கியது அந்தப் பழக்கம்.

அவர் வளர்ந்த பிறகு விதிகள் அவரைச் சுற்றி மாறின. கூடைக்குள் இறங்கும் பந்தை எட்டித் தட்டக் கூடாது என்று 1944-ல் கல்லூரி ஆட்டத்தில் விதி வந்தது. கூடைக்கு முன்னால் உள்ள கட்டத்துக்குள் தாக்கும் அணிக்காரர் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது அல்லவா, அந்தக் கட்டத்தின் அகலத்தை என்.பி.ஏ. 1951-ல் 6 அடியிலிருந்து 12 அடியாக்கியது. எல்லாம் அவரைக் கூடையிலிருந்து தள்ளி நிறுத்தத்தான்.

1950 நவம்பர் 22 அன்று நடந்த ஆட்டத்தைக் கேளுங்கள். மைக்கன் ஆடிய மினியாபொலிஸ் லேக்கர்ஸ், எதிரே ஃபோர்ட் வேன் பிஸ்டன்ஸ். மைக்கன் கைக்குப் பந்து போனால் தோற்றோம் என்று பிஸ்டன்ஸ் ஒரு யோசனை செய்தது. பந்தை எறியவே இல்லை. தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றார்கள். பார்க்க வந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். 48 நிமிட ஆட்டம் 19-18 என்று முடிந்தது, பிஸ்டன்ஸுக்கு வெற்றி. லேக்கர்ஸ் எடுத்த 18-ல் 15 மைக்கனுடையது. களத்திலிருந்து அந்த அணி போட்ட நான்கு கூடைகளும் அவர் போட்டவையே. மற்றவர்கள் எடுத்தது ஃப்ரீ த்ரோவில் வந்த மூன்றே புள்ளி.

இதைப் படித்துவிட்டு 'பாத்தீங்களா, சென்டர் இல்லாட்டி ஒண்ணுமில்ல' என்று நம் சென்டர் சொல்வான். 'ஒருத்தனையே நம்பினா அவனைக் கட்டிப்போட்டாப் போதும், டீமே படுத்துடும்' என்று கார்டு சொல்வான். ஒரே ஸ்கோர் அட்டை, இரண்டு வாதத்துக்கும் சாட்சி. (கொசுறு: இந்த மாதிரி ஆட்டங்களால் கூட்டம் குறைந்துதான் 1954-ல் 24 விநாடிக் கடிகாரம் வந்தது. ஓர் ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து சுமார் 120 முறை எறிந்தால் ஆட்டம் சுவையாக இருக்கிறது. 48 நிமிடம் என்பது 2880 விநாடி. 2880-ஐ 120-ஆல் வகுத்தால் 24. ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஓர் ஆட்டத்தையே காப்பாற்றியது.)

இனி வில்ட் சேம்பர்லின். 7 அடி 1 அங்குலம். 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தவர். அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 50.4. இன்று வரை எவரும் கிட்டே வரவில்லை. ஆனால் அந்த ஆண்டு கோப்பை அவருக்குக் கிடைக்கவில்லை. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள். செல்டிக்ஸ் சென்டர் பில் ரசல் தன் வாழ்நாள் முழுக்க ஆடியதன் சராசரி 15.1 புள்ளிதான். 13 பருவங்களில் 11 கோப்பை. ரசல் பந்தைத் தடுப்பார், பிடிப்பார், ஓடுகிறவனுக்கு உடனே எறிவார்.

1966-ல் வில்ட் ஆடிய பிலடெல்பியா அணிக்கு அலெக்ஸ் ஹானம் பயிற்சியாளராக வந்தார். நீ எறிவதைக் குறை, உன்னை மூன்று பேர் சூழும்போது இரண்டு பேர் வெளியே சும்மா நிற்பார்கள், அவர்களுக்குக் கொடு என்பது அவர் போட்ட வழி. வில்டின் சராசரி 24.1-க்கு இறங்கியது. அதுவரை ஆடிய ஏழு பருவங்களிலும் அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான். அந்தப் பருவத்தில் முதல்முறையாக இல்லை. ஆனால் ஆட்டத்துக்கு 7.8 முறை அவர் கொடுத்த பந்தில் மற்றவர்கள் கூடை போட்டார்கள். 81 ஆட்டத்தில் 68 வெற்றி. வழியில் செல்டிக்ஸை 4-1 என்று முடித்துவிட்டுக் கோப்பையையும் எடுத்தார்கள்.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். வரலாறு அப்படி நிற்காது. மறு பருவத்தில் வில்டுக்குப் பந்து கொடுப்பதே ஒரு வெறியாகிவிட்டது. மொத்தம் 702 அசிஸ்ட், லீகிலேயே முதலிடம். 1968-ல் மறுபடி செல்டிக்ஸ். 3-1 என்று முன்னால் இருந்துவிட்டு அடுத்த மூன்று ஆட்டங்களையும் தோற்றார்கள். ஏழாவது ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் வில்ட் கூடையை நோக்கி எறிந்ததே அபூர்வம். பந்து அவரிடம் போகவில்லையா, அவர் கேட்கவில்லையா, கொடுக்கச் சொல்லிப் பயிற்சியாளர் கத்தவில்லையா? அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த ஊரில் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் பண்ருட்டிப் பந்தியில் நடந்ததும் அதே பேச்சுதான்.

நம் மைதானத்துக்கு வருகிறேன். பி.டி. மாஸ்டர் 1991-ல் மாறுதலாகிப் போனார். அந்த இடம் இரண்டு வருடம் காலியாகவே இருந்தது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்தபோது மாலை நேரத்தில் கூடைப்பந்து பார்ப்பேன் என்று ஒருமுறை ஸ்டாஃப் ரூமில் வாய் தவறிச் சொன்னதால், தலைமையாசிரியர் அணியை என் தலையில் கட்டினார். பார்த்திருக்கிறேன், ஆடியதில்லை. தரை செம்மண். போஸ்ட் இரண்டும் வெல்டிங் பட்டறையில் அடித்தவை. பின்னால் அளந்து பார்த்தபோது ஒன்று 9 அடி 8 அங்குலம்தான் இருந்தது. கூடைக்கு முன்னால் உள்ள கட்டம் அப்போது செவ்வகம் கிடையாது. சர்வதேச விதிப்படி சரிவகம்: ஃப்ரீ த்ரோ கோட்டில் 3.6 மீட்டர், கடைக்கோட்டில் 6 மீட்டர். 2010 வரை உலகம் முழுக்க அதுதான், அமெரிக்கா தவிர. சுண்ணாம்புப் பொடியில் அந்தச் சரிவகத்தைக் கோணாமல் போடக் கணக்கு வாத்தியாரைத்தான் கூப்பிடுவேன். 'சோசியல் சார் ஜியோமெட்ரி போடுறாரு' என்று ஜன்னல் வழியே சிரித்த பெண்கள் இப்போது பாட்டியாகிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த அணிக்குக் கிடைத்தவன்தான் நம் சென்டர். பத்தாவதிலேயே 6 அடி 2. திருவதிகைத் தேர் வரும்போது கூட்டத்தில் அவன் தலையைப் பார்த்துத்தான் நண்பர்கள் ஒன்று சேர்வார்கள். அவனை நான் எப்படி ஆட வைத்தேன்? "கூடைக்கு அடியில் நில்லு. விழுற பந்தைப் பிடி. பிடிச்சதைக் கார்டுகிட்ட குடு." இந்த மூன்று வாக்கியம்தான் ஒரு வருடம் நான் அவனுக்குக் கொடுத்த பயிற்சி. ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறு காலால் சுழல்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கவில்லை, எனக்கே தெரியாது. மைக்கன் போட்ட பயிற்சி மாதிரி ஒன்று இருக்கிறது என்பதும் அன்று தெரியாது. உயரமாக இருக்கிறான், அது போதும் என்று நினைத்துவிட்டேன். பனைமரத்தைப் பயிற்றுவிப்பார்களா என்பது போல ஒரு நினைப்பு.

1992-ல் கடலூரில் மாவட்டப் போட்டி. அப்போது நாம் தென்னாற்காடு மாவட்டம்; மறு வருடம்தான் விழுப்புரம் தனியாகப் போனது. அரையிறுதி. முதல் பாதியில் சென்டருக்கு நாலைந்து முறை பந்து போனது. மூன்று தடவை ஸ்டெப்ஸ் ஊதினார்கள். ஒருமுறை கையிலிருந்து தட்டிப் பிடுங்கிக்கொண்டார்கள். இடைவேளையில் 6 புள்ளி பின்னால் இருந்தோம். பிள்ளைகள் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தபோது நான் கார்டை மட்டும் போஸ்டுக்குப் பின்னால் கூட்டிப்போனேன். "இனிமே அவனுக்குப் பந்து குடுக்காதே. அவன் கைய தூக்கினாலும் குடுக்காதே. வெளியிலேருந்தே போடுங்க. நான் சொன்னேன்னு அவங்கிட்ட சொல்ல வேணாம், மனசு ஒடிஞ்சிடுவான்."

கார்டு தலையாட்டினான். சொன்னதைச் செய்தான்.

இரண்டாம் பாதி முழுக்க இவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். 4 புள்ளியில் தோற்றோம். பஸ்ஸில் இருவரும் பேசவில்லை. அடுத்த வாரம் சென்டர் பயிற்சிக்கு வரவில்லை. டியூஷன் என்றான். மைதானத்தின் பக்கமே அவன் அப்புறம் வந்ததில்லை. நண்பன் பொறாமையில் பந்தைக் கொடுக்கவில்லை என்று முப்பது வருடத்துக்கு மேலாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான் என்பது எனக்குப் பந்தியில்தான் தெரிந்தது. அதைவிட, கார்டு இத்தனை வருடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதும் அன்றுதான் உறைத்தது. சொல்லாதே என்று அன்று நான் சொன்னதை இன்றும் காப்பாற்றுகிறான்.

ஆகவே, சென்டரே, கார்டின் மேல் தப்பில்லை. சொன்னது நான்.

சரி, அன்று பந்தைக் கொடுத்திருந்தால் ஜெயித்திருப்போமா? அதைத்தான் ஒரு மாதமாக யோசிக்கிறேன். பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். காலையில் தோசையை ஆறவிட்டு போனில் என்.பி.ஏ. ஆட்டம் பார்க்கிற பிள்ளை. அவனுக்கு நிக்கோலா யோக்கிச் என்றால் உயிர். செர்பியாக்காரர், சென்டர். 2014-ல் டென்வர் அணி அவரை 41-வது ஆளாகத்தான் எடுத்தது. அந்த அறிவிப்பு வந்த நேரத்தில் டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் மதிப்பு. பெரிதாக எம்ப மாட்டார், வேகமும் கிடையாது. ஆனால் 2021, 2022, 2024 மூன்று முறை லீகின் சிறந்த ஆட்டக்காரர். 2023-ல் டென்வருக்கு முதல் கோப்பை. அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 24.5 புள்ளி, 9.8 அசிஸ்ட். கார்டு செய்கிற வேலையைச் சென்டர் செய்கிறார்.

பேரனோடு உட்கார்ந்து நானும் நான்கைந்து ஆட்டம் பார்த்தேன். யோக்கிச் கையில் பந்து வந்ததும் உடனே கூடையைப் பார்ப்பதில்லை. பந்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவரைச் சுற்றி மற்ற நால்வரும் ஓடுகிறார்கள், குறுக்கே வெட்டுகிறார்கள். எவன் விடுபடுகிறானோ அவன் கைக்குப் பந்து போய்விடுகிறது. நம் அதிகைக் கோயில் கதையை எத்தனை முறை வகுப்பில் சொல்லியிருப்பேன்! பறக்கும் மூன்று கோட்டைகளும் ஒரே கோட்டில் வரும் கணத்துக்காகக் காத்திருந்ததாகப் புராணம் சொல்கிறது. முதல் கோட்டை தெரிந்ததும் அம்பை விட்டிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கும். (பக்தர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், வாத்தியார் புத்தி.)

அப்போதுதான் புரிந்தது. சென்டருக்குப் பந்து போக வேண்டும், ஆனால் அவர் அதைக் கூடையில் போட்டே ஆக வேண்டும் என்பதற்காக இல்லை. அவரிடம் போனால்தான் எதிரணி இரண்டு பேர் அவரை நோக்கித் திரும்புவார்கள், மற்றவர்களுக்கு வழி பிறக்கும். அதற்கு அவருக்குத் திரும்பத் தெரிய வேண்டும், பார்க்கத் தெரிய வேண்டும், கொடுக்கத் தெரிய வேண்டும். வெளியே இருப்பவர்கள் சும்மா நிற்காமல் ஓட வேண்டும். நம் அணியில் இவை ஒன்றுமே இல்லை. கிணற்றில் போட்ட கல் என்று கார்டு சொன்னது உண்மைதான். கயிறு வாளி கட்டித் தராதது நான்.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. கீது அன்னா ஜோஸ். கோட்டயம் மாவட்டத்துப் பெண், 6 அடி 2 அங்குலம், நம் சென்டர் உயரம்தான். வாலிபாலில் இருந்து கூடைப்பந்துக்கு வந்தவர். சென்னையில் தெற்கு ரயில்வேக்கு ஆடினார். பல வருடம் இந்திய அணியின் பெரும்பாரம் அவர் தோளில்தான். 2009 செப்டம்பரில் ஆசியப் பெண்கள் சாம்பியன்ஷிப் சென்னையில் நடந்தபோது, பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்கத்துக்கு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். கோப்பை சீனாவுக்கு, இரண்டாமிடம் தென்கொரியாவுக்கு. எனக்குப் பட்டது ஒன்றுதான்: கீதுவிடம் பந்து போனால் அரங்கமே எழுந்து நிற்கிறது, எதிரணியில் இரண்டு மூன்று பேர் அவரை மொய்க்கிறார்கள். அவ்வளவு பேரை ஒருத்தி இழுத்துக்கொள்கிறாள் என்றால் மற்ற இடமெல்லாம் காலியாகத்தானே இருக்கும். அந்தக் காலி இடத்தைப் பயன்படுத்தும் ஆட்டம் நம்மிடம் அப்போது போதுமான அளவு இல்லை. இது என் அபிப்பிராயம். ஆட்டம் தெரிந்தவர்கள் திருத்தலாம்.

2011-ல் அமெரிக்காவின் பெண்கள் லீகில் சிகாகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று அணிகள் கீதுவை அழைத்துச் சோதித்துப் பார்த்தன. எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே 6 அடி 2 அங்குலம் சென்டர் உயரமே இல்லை. இங்கே கூடைக்கு அடியில் நின்றவர், அங்கே வெளியே நின்று ஆட வேண்டியிருக்கும். உயரம் என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. கற்றுக்கொண்ட ஆட்டம் கூடவே வரும். அவருக்கு 2014-ல் அர்ஜுனா விருது கிடைத்தது. அவரோடு ரயில்வேயிலும் இந்திய அணியிலும் ஆடிய சென்னைப் பெண் அனிதா பால்துரைக்கு 2021-ல் பத்மஸ்ரீ. கீது இல்லாத காலத்தில், 2017 ஜூலையில், பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதியில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று வென்றது. அனிதா அந்த அணியில் இருந்தார்.

சத்னாம் சிங்கைச் சொல்லாமல் விட்டால் பேரன் கோபிப்பான். பஞ்சாப் பல்லோ கே கிராமத்துப் பிள்ளை, 7 அடி 2 அங்குலம். 2015-ல் டல்லஸ் அணி 52-வது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ.வுக்குத் தேர்வான முதல் ஆள். ஆனால் என்.பி.ஏ.வின் லீக் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்த நேரத்தில் அங்கே எல்லாரும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிய ஆரம்பித்திருந்தார்கள். கூடைக்கு முதுகைக் காட்டி நிற்கும் உயரக்காரருக்கு வேலை குறைந்துகொண்டிருந்தது. பிற்பாடு மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார்.

அந்த வருடத்து ஸ்கோர் நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கரையான் ஓரத்தைத் தின்றிருக்கிறது. கடலூர் ஆட்டப் பக்கத்தை நேற்று எடுத்துப் பார்த்தேன். சென்டர் பெயருக்கு நேரே இரண்டு கூடை, இரண்டும் முதல் பாதியில். 11 ரீபவுண்ட் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதில் 7 இரண்டாம் பாதியில் பிடித்தவை. ஒருவரும் பந்து கொடுக்காத நேரத்திலும் விழுந்த பந்தையெல்லாம் பிடித்து, நான் சொல்லியிருந்தபடி கார்டு கையில்தான் கொடுத்திருக்கிறான். தோற்றது யாரால் என்று அன்று பஸ்ஸில் நான் பேசினேனே, இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமலேயே பேசியிருக்கிறேன்.

நம் மைதானத்தில் இப்போது சிமென்ட் தளம் போட்டிருக்கிறார்கள். கட்டம் செவ்வகமாகிவிட்டது, சரிவகம் போய்விட்டது. போஸ்ட் இரண்டும் புதிது. டேப் வைத்து அளந்தேன், சரியாக 10 அடி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேட் பூட்டியிருக்கும், சாவி வாட்ச்மேன் வீட்டில் இருக்கும். இரண்டு பேரும் ஊரில் இருக்கும் ஞாயிறு எது என்று எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். பந்து நான் கொண்டுவருகிறேன்.